நாரையின் கூரை

விற்கிறவர் குறையை மறைப்பார், வாங்குகிறவர் அதைத் தேடிப் பிடிப்பார். சந்தை தோன்றிய நாள் முதல் அதுதான் வழக்கம். ஆர்லின் பான்ட்ரேகருக்கு வாய்த்ததோ தலைகீழான நிலை. விலைக்கு வந்திருந்த, படுக்கையும் சமையலறையும் கொண்ட அந்த வீட்டுவண்டியில் குறை எந்த இடத்தில் இருக்கிறது என்பது வாங்கப் போகும் அவருக்குத் தெரியும். விற்கும் பெண்மணிக்குத் தெரியாது.

வண்டியின் மாதிரிக்குத் தொழிற்சாலை நாரையின் பெயரைச் சூட்டியிருந்தது. ஒன்பது ஆண்டுகள் அதைக் கட்டினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். நிறுத்திப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் இண்டியானாவின் வட மூலையில் வீட்டுவண்டி கட்டாத குடும்பம் குறைவு. அந்த ஒன்பது ஆண்டுகளும் நாரையின் கூரையை மூடும் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஆர்லின்தான்.

அவருக்கு நாரைதான் வேண்டும். வேறு எதுவும் உதவாது. காரணம் அவர் மனைவி லவைனா. புயலோ வெள்ளமோ ஊர்களைச் சிதைக்கும்போது அவர்களுடைய மென்னொனைட் கிறிஸ்தவ சபையிலிருந்து ஒரு குழு கிளம்பிப் போய் வீடுகளைக் கட்டிக் கொடுக்கும். ஆண்டில் ஐந்து மாதம் லவைனா அந்தக் குழுவுக்குச் சமைத்தாள். தன் நாரையின் குறுகிய சமையலறையில் நின்றபடி இருபது பேருக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் மாலையில் கோழியும் நூடுல்ஸும் செய்து போடுவாள். மூன்று ஆண்டுகளாக அவள் கண்ணின் நடுப்பார்வை தேய்ந்துகொண்டே வந்தது. ஓரங்களில் தெரியும், நேரே பார்த்தால் புகை. இருந்தும் அவள் வேலை குறையவில்லை. எந்தக் கதவுக்குப் பின்னால் உப்பு, எந்தக் குமிழை எத்தனை சொடுக்குத் திருப்பினால் எவ்வளவு தீ என்பதெல்லாம் அவள் விரல்களுக்குத் தெரியும். சென்ற ஜூன் மாதச் சூறைக்காற்றில் முற்றத்து மேப்பிள் மரம் அந்த நாரையின் முதுகை முறித்தது.

புதிய வண்டிகளைப் பார்க்கப் போனார்கள். எல்லாவற்றிலும் வழுவழுப்பான கண்ணாடி அடுப்பு. தொட்டால் எரியும், தொட்டால் அணையும், எதைத் தொட்டோம் என்பது மட்டும் தெரியாது. விற்பனைக்காரன் அதன் அருமையை விளக்கிக்கொண்டிருக்கையில் லவைனா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "இது அடுப்பு இல்ல தம்பி, சிலேட்டுப் பலகை. நான் படிச்சு முடிச்சு ரொம்ப வருஷமாச்சு" என்று சிரித்தாள். 

ஆகவே, செவ்வாய்க்கிழமை வாரப் பத்திரிகையில் நாரை என்ற சொல்லைக் கண்டதும் ஆர்லின் தொலைபேசியை எடுத்தார். மாநில எல்லைக்கு அப்பால் மிச்சிகனில், கான்ஸ்டன்டைன் பக்கத்தில் இருந்தது வண்டி. விற்பவர் மார்வா டிரெக்ஸ்லர் என்ற விதவை. வாசற்படிக்கருகே ஒட்டியுள்ள தகட்டின் எண்ணைப் படிக்கச் சொன்னார் ஆர்லின். அந்த அம்மாள் பொறுமையாக ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். கடைசி மூன்று எண்களைக் கேட்டதும் அது எந்த வாரத்து வண்டி என்று ஆர்லினுக்குத் தெரிந்துவிட்டது.

நாரை நிறுத்தப்படுவதற்கு முந்தைய அக்டோபரில் ஒரு வாரம் அது. வண்டியின் முகப்பும் கூரையும் சேரும் விளிம்பில் தண்ணீர் புகாதபடி முதலில் கறுப்புப் பசைநாடாவை ஒட்ட வேண்டும். அதன்மேல் அலுமினியப் பட்டையை வைத்துத் திருகாணி முடுக்க வேண்டும். அந்த வாரம் நாடா வந்து சேரவில்லை. தொழிற்சாலையில் கூலி மணிக்கணக்கில் அல்ல, வண்டிக்கணக்கில். அன்றைய வண்டிகள் முடிந்தால் பகல் ஒரு மணிக்கே வீட்டுக்குப் போகலாம். முடியாவிட்டால் கூலியும் இல்லை, வீடும் இல்லை. எல்லார் வயலிலும் சோளம் அறுவடைக்கு நின்றது. நாற்பது பேர் ஆர்லினின் முகத்தைப் பார்த்தார்கள். "ஓடட்டும்" என்றார் அவர். ஒரே ஒரு சொல். இருபத்திரண்டு வண்டிகள் நாடா இல்லாமலே மூடப்பட்டு ஓடின.

மார்வாவோடு தொலைபேசியில் பேசிய மறுநாள் இரும்புக் கடையில் ஃப்ரீமன் ட்ராயரைப் பார்த்தார். பழைய கூரைக் குழுவைச் சேர்ந்தவர், மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளாத ஆமிஷ் சபைக்காரர். தொழிற்சாலையில் ஆயிரம் வண்டி கட்டியிருந்தாலும் தமக்கென வைத்திருப்பது குதிரைவண்டி ஒன்றுதான்.

"நாரை வாங்கப் போறியா? ரொட்டி சுட்டவனே கடைக்குப் போயி அதே ரொட்டியக் காசு குடுத்து வாங்கின மாதிரி இருக்குடா" என்றார் ஃப்ரீமன்.

"லவைனாவுக்கு வேணும்."

"உடைஞ்சா உதிரி கிடைக்காது. முன்கண்ணாடிய இப்ப யாரும் வார்க்கறதில்ல. என்னப் பாரு. என் குதிரைக்கு உதிரியே வேணாம். அது ஒழுகினாக்கூடத் தோட்டத்துக்கு உரம்."

"அந்த அக்டோபர் வாரத்து வண்டி, ஃப்ரீமன்."

ஃப்ரீமன் ஆணிப் பெட்டிக்குள் விட்ட கையை எடுக்கவில்லை. "அந்த அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"அப்பறம் என்ன? வாய மூடிட்டு வாங்கு. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிச்சு ஒட்டிடு. அந்தம்மாவுக்கும் பாரம் விட்டுது, உனக்கும் வண்டி கிடைச்சுது. யாருக்கு நஷ்டம்?"

கேட்கும்போது அதில் பிழை ஏதும் தென்படவில்லை. ஆனால் வருகிற ஞாயிறு, திருவிருந்துக்கு முந்தைய ஞாயிறு. அன்று சபையில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, "தேவனோடும் மனுஷரோடும் சமாதானமாயிருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னவர்களுக்குத்தான் திருவிருந்தில் அப்பமும் ரசமும். ஆண்டுக்கு இருமுறை, பதினாறு ஆண்டுகளாக ஆர்லின் அதைத் தடுமாறாமல் சொல்லி வந்திருக்கிறார். பெயர் தெரியாத மனிதர்களோடு சமாதானம் சொல்வது எளிது. இப்போது ஒருத்திக்குப் பெயர் வந்துவிட்டது.

வியாழன் காலை இருவரும் மிச்சிகனுக்குப் போனார்கள். மார்வா எழுபதைக் கடந்தவர். தோட்டத்துக் காலணியோடு வாசலுக்கு வந்தார். லாயத்துக்குப் பின்னால், மூக்கைச் சற்றே உயர்த்தி வானத்தைப் பார்த்தபடி நின்றது நாரை.

லவைனா யார் கையையும் பிடிக்காமல் படியேறினாள். உள்ளே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் ஓசை கேட்டது. இழுப்பறை, கரண்டித் தட்டு, குழாய். பிறகு அடுப்புக் குமிழ் மூன்று முறை சொடுக்கியது. கடைசியாக அவள் பாட்டு ஒன்றை முணுமுணுப்பது சன்னல் வழியாக வெளியே வந்தது. சென்ற ஜூனுக்குப் பின் ஆர்லின் அந்த முணுமுணுப்பைக் கேட்டதில்லை.

"உங்க மனைவிக்குப் பிடிச்சிடுச்சு போல" என்றார் மார்வா. "ஆனா நான் மறைக்க மாட்டேங்க. இது ஒழுகும். படுக்கைக்கு மேல. அதான் விலைய அவ்வளவு குறைச்சுப் போட்டேன்."

"எப்பத்துல இருந்து?"

"ரெண்டாவது வருஷத்துல இருந்து. என் வீட்டுக்காரர் வால்டோ பண்ணின வேலை. ரேடியோ கேக்கணும்னு கூரையில துளை போட்டு ஏரியல் நட்டாரு. வேணாம்னு சொன்னேன், கேக்கல. ஒழுக ஆரம்பிச்சதும் வருஷா வருஷம் வசந்தம் வந்தா ஏணி போட்டு ஏறிடுவாரு. பசை பூசுவாரு. மழை வரும், ஒழுகும். மறுபடி ஏறுவாரு." மார்வா புல்லைப் பார்த்தபடி பேசினார். "நான் சும்மா இருக்கலைங்க. விருந்தாளிங்க வந்தா, 'பாத்து உக்காருங்க, எங்க வீட்டுக்காரர் கூரைக்கே சல்லடை போட்டவர்'னு சொல்லிக் காட்டுவேன். அவரும் கூடச் சிரிப்பாரு. போன டிசம்பர்ல ஆஸ்பத்திரியில இருக்கும்போது சொன்னாரு, 'மார்வா, உனக்கு எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன், அந்தத் துளை ஒண்ணைத் தவிர'ன்னு."

சன்னலுக்குள் பாட்டு தொடர்ந்துகொண்டிருந்தது. இப்போது வாய் திறந்தால் அந்தப் பாட்டு நின்றுவிடும் என்பது ஆர்லினுக்குத் தெரிந்திருந்தது. விலை மலிவு, எதிரே நிற்பவர் நல்லவர், ஃப்ரீமன் சொன்னபடி வீட்டில் வைத்துப் பிரித்து ஒட்டிவிடலாம். கூரை சரியாகிவிடும். ஆனால் செத்துப்போன ஒரு மனிதர் செய்யாத பிழையைத் தலையில் சுமந்தபடி அங்கேயே கிடப்பார்.

"அது துளையால இல்லைங்க" என்றார் ஆர்லின்.

"என்ன சொல்றீங்க?"

"தண்ணி உள்ள வர்ற இடம் வேற. முகப்புகிட்ட நுழைஞ்சு, கூரைப் பலகைக்குள்ளேயே ஓடி, படுக்கைக்கு மேல வந்து சொட்டுது. அதான் அவருக்குத் துளை மேல சந்தேகம் வந்திருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தக் கூரைய மூடினது நான்தான்."

பாட்டு நின்றது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார்: நாடா வராததை, நாற்பது பேர் பார்த்ததை, தாம் சொன்ன ஒற்றைச் சொல்லை. சோளத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.  கேட்டு முடித்ததும் மார்வா லாயத்துக்குள் போய்த் தாமே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"காட்டுங்க."

ஆர்லின் கூரைமேல் ஏறினார். மார்வா அவர் பின்னாலேயே ஏறி, கூரை கைக்கு எட்டும் படியில் நின்றார். வால்டோ பூசிய பசை ஏரியலிலிருந்து முகப்பு விளிம்புவரை ஆண்டுக்கொரு மடிப்பாக, மரத்தின் வளையங்களைப் போல் ஏறியிருந்தது. அதைச் சீவி, திருகாணிகளைக் கழற்றிப் பட்டையைத் தூக்கினார். அடியில் கறுப்பு நாடா இல்லை. பலகை, ஊறவைத்த காப்பித்தூளைப் போல விரலோடு வந்தது. பிறகு அவர் ஏரியலின் அடித்தட்டைக் கழற்றினார். துளையைச் சுற்றிப் பலகை காய்ந்து வெளுப்பாக, அன்று அறுத்ததுபோல் இருந்தது.

மார்வா கையை நீட்டி அந்த வெளுத்த மரத்தைத் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு இறங்கினார்.

"இன்னைக்கு நான் எதையும் விக்கப் போறதில்ல. நீங்க கிளம்புங்க."

பட்டையை மீண்டும் முடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு ஆர்லின் காரில் ஏறினார். எல்லையைத் தாண்டியதும் லவைனா வாய் திறந்தாள். அவள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நாற்பது ஆண்டுகளாகக் கதை சொன்னவள். அன்றும் ஒரு கதையோடுதான் தொடங்கினாள்.

"மரத்தக் கடிச்சு அணை கட்டற பீவர் ஒண்ணு இருந்துச்சாம். ஓடை ஜனங்களுக்கெல்லாம் அதுதான் அணை கட்டிக் குடுக்கும். ஒருநாள் அவசரத்துல அணைக்குள்ள ஒரு பொக்கைக் கட்டைய வெச்சிடுச்சு. வெச்சது அதுக்கு மட்டும் தெரியும். அப்பறம் தனக்குன்னு வீடு கட்டும்போது என்ன பண்ணிச்சு? அந்தக் கட்டைக்கு மேற்பக்கமாப் பாத்துக் கட்டிக்கிச்சு. வெள்ளம் வந்துச்சு. கீழ இருந்தவங்க வீடெல்லாம் போச்சு. 'பீவர் எவ்வளவு புத்திசாலி, இடம் பாத்துக் கட்டியிருக்கு'ன்னு எல்லாரும் பாராட்டினாங்களாம்." அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, பார்வை மிஞ்சியிருக்கும் ஓரத்தால் அவரைப் பார்த்தாள். "நம்ம பழைய வண்டி எந்த வாரத்துது, ஆர்லின்?"

"ஆகஸ்ட்."

"அது தானா அமைஞ்சுதா, தேடி வாங்கினியா?"

"எண் பாத்துத் தேடித்தான் வாங்கினேன்."

"நீ வாங்கினப்ப, நம்ம ஆளு எவ்வளவு பாத்துப் பாத்து வாங்கறான்னு பெருமைப்பட்டேன்" என்றாள் லவைனா. 

ஞாயிறன்று தம் முறை வந்தபோது ஆர்லின் எழுந்து நின்றார். பழகிய வாக்கியம் வரவில்லை. "எனக்குச் சமாதானம் இல்லை" என்று தொடங்கி, நடந்ததைச் சொல்லி உட்கார்ந்தார். போதகர், "சரிசெய்ய என்ன செய்யப் போகிறீர்கள், சகோதரரே?" என்று மட்டும் கேட்டார். "எனக்குத் தெரியல. அவங்க கதவைத் திறக்கணும்" என்றார். அடுத்த வாரத் திருவிருந்துக்குத் தாம் வருவதற்கில்லை என்றும் சொன்னார். லவைனா பெண்கள் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கிடைக்கவிருந்த சமையலறை கைநழுவிப் போனதைப் பற்றி அன்றும் அவள் ஒரு சொல் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் அவருக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

செவ்வாயன்று மார்வா அழைத்தார். "வந்து கூரைய மூடுங்க. உங்களுக்கு விக்கறேன்னு நான் சொல்லல. கலமசூவுல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு, அவருக்கே குடுத்தாலும் குடுப்பேன். ஆனா வால்டோ பேருக்காக அது ஒழுகாம நிக்கணும்."

"வர்றேன்" என்றார் ஆர்லின். லவைனா தானும் வருவதாகச் சொன்னாள். "உனக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டார். "நீ சாப்பிட மாட்டியா?" என்றாள்.

பதினொரு நாள் வேலை அது. நைந்த பலகையை எல்லாம் வெட்டியெடுத்து, புதுப் பலகை வைத்து, புது விரிப்பு ஒட்டி, விளிம்பு நெடுகிலும் நாடா பதிக்க வேண்டும். மூன்றாம் நாள் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. வைக்கோல் தொப்பியோடு ஃப்ரீமன் இறங்கினார்.

"நீ உங்க சபையில நின்னு பேசினா எங்க சபைக்குக் காது கேக்காதுன்னு நினைச்சியா? என் பொண்டாட்டி ரெண்டு நாளாக் காப்பி தரல. பட்டைய முடுக்கினது யாருன்னு கேக்கறா" என்றபடி தம் திருப்புளியை எடுத்தார்.

லவைனா நாரையின் அடுப்பில் சமைத்தாள். மேலே அறுப்பும் தட்டலும். கீழே கொதி மணம். முதல் நாட்களில் மார்வா தட்டை வாங்க மறுத்தார். ஆறாம் நாள் மழை தூறியது, வேலை நின்றது. மார்வா நாரையின் சிறிய மேசையில் வந்து உட்கார்ந்து ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டார். லவைனா அடுப்பைப் பார்க்காமலே தீயைக் குறைத்ததையும், திரும்பாமலே உப்பை எடுத்ததையும் அவர் கவனித்தார்.

"உங்களுக்கு எவ்வளவு தெரியும்?" என்று கேட்டார்.

"உங்க தோள் தெரியுது. முகம் தெரியல."

"அப்ப நல்லதுதான்" என்றார் மார்வா. அவர் அழுதுகொண்டிருந்தார். "இத்தனை வருஷம் அந்த மனுஷனக் கேலி பண்ணியிருக்கேன். ஒரு தடவையாவது 'உன்னால இல்ல'ன்னு யாராச்சும் சொல்லி அவரு கேட்டிருக்கணும். உங்க வீட்டுக்காரர் அஞ்சு மாசம் முன்னாடி வந்திருக்கலாம்."

"வந்திருக்கணும்" என்றாள் லவைனா. கணவனுக்காக அவள் பரிந்து பேசவில்லை.

பதினொன்றாம் நாள் குழாயைக் கூரைமேல் திருப்பி இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டார்கள். படுக்கைக்கு மேலே உட்கூரையைத் திறந்து மார்வாவே விளக்கடித்துப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரமில்லை. அவர் இறங்கி வீட்டுக்குள் போனார். ஆர்லின் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். வண்டியைப் பற்றி அவர் ஒருமுறையும் கேட்டிருக்கவில்லை. கேட்கும் உரிமை தமக்கு இல்லை என்று எண்ணியிருந்தார். லவைனா அடுப்பையும் மேசையையும் துடைத்து, துணியைப் பிழிந்து குழாய்மேல் போட்டாள். அதன்பின்னும் அவள் கை குமிழ்களின்மேலேயே இருந்தது.

மார்வா சாவியோடு திரும்பினார். ஆர்லினைத் தாண்டிப் போய், லவைனாவின் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"கலமசூக்காரர் ஏரியில மீன் பிடிக்கறதுக்குக் கேக்கறாரு. அவருக்கு வேற வண்டி கிடைக்கும்" என்றார். "ஆனா ஒண்ணு. ஒழுகற வண்டிக்குச் சொன்ன விலை இனிமே கிடையாது. ஒழுகாத வண்டிக்கு என்ன விலையோ அதுதான்."

"அதுதான் நியாயம்" என்றாள் லவைனா. தங்கள் வீட்டுப் பின்பக்க நிலத்தில் ஒரு துண்டை விற்றால்தான் அது முடியும் என்பது கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்திருந்தது.

மார்வா அப்போதுதான் ஆர்லினைப் பார்த்தார். "உங்கள மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அது வேற, இது வேற."

"புரியுதுங்க."

நிலம் விற்று, பத்திரம் மாறி, மே மாத நடுவில் நாரையை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். தெற்கே கென்டக்கியில் சூறாவளி அடித்த ஊருக்கு ஜூன் முதல் வாரம் குழு கிளம்புவதாக இருந்தது. ஆர்லினின் அருகில் லவைனா மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள்.

"மிச்சம் எத்தனை?" என்று கேட்டாள்.

அவருக்குப் புரிந்தது. "இருபத்தொண்ணு."

"எண்ணெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணு விடாம."

"என்னால எழுத முடியாது. சொல்லு, மனசுல வெச்சுக்கறேன். போற ஊர்லயெல்லாம் விசாரிப்போம்."

சாலை நேராகக் கிடந்தது; இருபுறமும் சோளம் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. ஆர்லின் முதல் எண்ணைச் சொன்னார். லவைனா அதைத் திருப்பிச் சொன்னாள். அவர் அடுத்ததைச் சொன்னார்.